விநாடிக்கு 60 முறை

கணினி ஆசிரியர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரிக்குக் காத்திருக்கும் மாணவர்களும் இருக்கிறீர்கள். இன்று நான் ஒரே ஒரு விளையாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

திரையின் அடியில் ஒரு விண்கலம். மேலே வரிசை வரிசையாக வேற்றுக்கிரகவாசிகள். அவர்கள் கூட்டமாகப் பக்கவாட்டில் நகர்வார்கள். ஓரம் தொட்டதும் ஒரு படி இறங்கி, வந்த திசைக்கே திரும்புவார்கள். நாம் இடமும் வலமும் ஓடிச் சுட வேண்டும். விளையாட்டின் பெயர் 'ஏலியன் இன்வேஷன்'. இது கடையில் விற்கும் விளையாட்டு அல்ல. எரிக் மாத்திஸ் என்பவர் எழுதி 2015-ல் முதற்பதிப்பு கண்ட 'பைத்தான் கிராஷ் கோர்ஸ்' என்ற பாடநூலில், படிப்பவர் தம் கையாலேயே எழுதி முடிக்கும்படி வைக்கப்பட்ட பாடம். மாத்திஸ் அலாஸ்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியலும் கணிதமும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். நூலில் 12, 13, 14 என்று மூன்று அத்தியாயங்களை இந்த விளையாட்டுக்கே கொடுத்திருக்கிறார். பைத்தான் படிக்க வந்தவனுக்கு இவ்வளவு நீளமாக ஒரு விண்வெளிச் சண்டை எதற்கு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு என்னுடைய பதிலைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் இருக்கின்றன. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். அங்கே மாணவர்கள் எழுதிப் பழகும் நிரல்களை நினைத்துப்பாருங்கள். ஓர் எண்ணின் ஃபேக்டோரியல், ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கிறதா, மதிப்பெண்களின் கூட்டுத்தொகை, சராசரி. எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. எண்ணைக் கொடுக்கிறோம், நிரல் கணக்குப் போடுகிறது, விடையைத் திரையில் காட்டுகிறது, முடிந்துபோகிறது. விடை உடனே வந்தாலும் மூன்று விநாடி கழித்து வந்தாலும் மதிப்பெண் ஒன்றுதான். அந்த நிரல்களுக்குள் காலம் என்ற ஒன்றே கிடையாது.

நம்மைச் சுற்றி உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் அப்படி இல்லை. லிஃப்டுக்குள் இருக்கும் நிரல், தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரல், கார் பிரேக்கில் இருக்கும் நிரல், நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் - இவை எதுவும் விடை சொல்லிவிட்டு முடிந்துபோவதில்லை. விழித்துக்கொண்டே இருக்கின்றன. எப்போது எது நடக்கும் என்று தெரியாத நிலையில், நடந்தவுடன் பதில் செய்ய வேண்டும். கொஞ்சம் தாமதமாக வந்த சரியான விடை அங்கே தவறான விடை. இந்த வகை நிரலை எழுதக் கற்றுக்கொடுக்க நம் வகுப்பறையில் இடமே இல்லை. அதற்கு எனக்குத் தெரிந்த மிகக் குறுகிய, மிக மலிவான வழி இந்தப் பழைய பாணி விண்வெளி விளையாட்டுதான்.

இதன் நடுவில் இருப்பது கேம் லூப். வைல் ட்ரூ என்று தொடங்கும் ஒரு வளையம். யாராவது ஜன்னலை மூடும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வேலை. விளையாடுபவர் என்ன செய்தார் என்று கேட்பது, அதற்கேற்ப எல்லாப் பொருள்களின் இடத்தையும் மாற்றுவது, திரையை அழித்துப் புதிதாக வரைவது. விநாடிக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. நம் இசையில் பாடகர் எவ்வளவு நீளமாகச் சங்கதி போட்டாலும் தாளத்தின் ஆவர்த்தனம் அவருக்காக நிற்பதில்லை. அவர்தான் சமத்துக்கு வந்து சேர வேண்டும். கேம் லூப்பும் அப்படித்தான். உங்கள் கணக்கு எவ்வளவு அழகானது என்று அது கேட்காது, 16.7-க்குள் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்கும்.

இந்த நெருக்கடி புதிதல்ல. விண்வெளி விளையாட்டு என்ற வகையே இதிலிருந்துதான் பிறந்தது. 1961-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்துக்கு பிடிபி-1 என்ற கணினியை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதில் வட்டமான ஒரு திரையும் இருந்தது. ஸ்டீவ் ரஸ்ஸலும் மார்ட்டின் கிரேட்ஸ், வேய்ன் வீட்டனன் முதலிய நண்பர்களும் அந்தத் திரையின் திறமையை வெளிக்காட்ட என்ன செய்யலாம் என்று பேசி, இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும் ஒரு விளையாட்டைத் திட்டமிட்டார்கள். நிரலை எழுதியவர் பெரும்பாலும் ரஸ்ஸல். சைன், கோசைன் கணக்கிடும் துணைநிரல் இல்லை என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தபோது, ஆலன் கோட்டாக் என்ற நண்பர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்துக்கே போய் அதை வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்துவிட்டார். 1962-ல் 'ஸ்பேஸ்வார்' ஓடியது.

அந்தக் கணினியின் நினைவகம் 4,096 சொற்கள், ஒவ்வொன்றும் 18 பிட். ஒரு கூட்டலுக்கு 10 மைக்ரோ விநாடி. அதாவது விநாடிக்கு ஒரு லட்சம் கூட்டல். கேட்பதற்கு அதிகம்போல இருக்கும். ஆனால் திரையில் ஒரு புள்ளி தெரிந்துகொண்டே இருக்க அதைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். கலங்களை வரைய வேண்டும், நகர்த்த வேண்டும், குண்டுகளைக் கவனிக்க வேண்டும். பீட்டர் சாம்சன் உண்மையான வானத்தின் நட்சத்திர வரைபடத்தைப் பின்னணியில் சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து அதன் ஈர்ப்பில் கலங்கள் வளைந்து போகும்படி செய்ய விரும்பினார். அதற்கு நேரம் போதவில்லை. கலங்களின் உருவத்தை வரையும் பகுதியை வேகமானதாக மாற்றியெழுதி, மிச்சமான நேரத்தில் ஈர்ப்பைச் சேர்த்தார். அப்போதும் குண்டுகளுக்கு ஈர்ப்பைக் கணக்கிட நேரம் எஞ்சவில்லை. ஆகவே ஸ்பேஸ்வாரில் கலம் வளைந்து விழும். குண்டு மட்டும் சூரியனைப் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் போகும். இயற்பியலை எங்கே விட்டுக்கொடுத்தால் ஆட்டம் கெடாது என்று அந்த இளைஞர்கள் முடிவெடுத்த இடம் அது. பொறியியல் என்று நான் மதிப்பது அந்த முடிவைத்தான்.

இங்கே ஒன்றை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். நமது பாடநூலாசிரியர் மாத்திஸின் தந்தை வேலை பார்த்தது அதே டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில். வீட்டின் நிலவறையில் தந்தை பாகங்களைச் சேர்த்து அமைத்த ஒரு கணினியில்தான் சிறுவன் எரிக் தன் முதல் நிரலை எழுதியிருக்கிறான். அதுவும் ஒரு விளையாட்டு, மறைத்துவைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் ஆட்டம். நூலின் முன்னுரையில் அவரே இதைச் சொல்கிறார்.

ஏலியன் இன்வேஷனுக்கு நேர் மூதாதை ஸ்பேஸ்வார் அல்ல, ஜப்பானில் டைட்டோ நிறுவனத்தில் தொமோஹிரோ நிஷிகாதோ செய்து 1978-ல் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. இன்டெல் 8080 சிப், 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். திரையில் ஐந்து வரிசை, வரிசைக்கு 11, ஆக 55 வேற்றுக்கிரகவாசிகள். 55 உருவங்களையும் ஒரே நேரத்தில் அழித்து நகர்த்தி வரைய அந்த இயந்திரத்துக்குச் சக்தி இல்லை. எனவே ஒரு ஃப்ரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை வரையும் சுற்றுக்கு, ஒருவர் என்று முறை வைத்து நகர்த்தினார்கள். கணக்குப் போட்டுப்பாருங்கள்: 55 பேரும் ஆளுக்கு ஓரடி வைக்க 55 ஃப்ரேம், ஏறத்தாழ ஒரு விநாடி. நாம் சுடச்சுட ஆள் குறையும். பத்துப் பேர் மட்டும் மிஞ்சினால், பத்தே ஃப்ரேமில் சுற்று முடிந்துவிடும். கடைசியில் ஒருவன் மிஞ்சினால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவன் முறைதான், பறப்பான். விளையாட்டு முற்ற முற்ற எதிரி வேகம்பிடிக்கிறான் என்று உலகமே நெஞ்சு படபடக்க ஆடிய அந்த அனுபவத்துக்கு வேர் இயந்திரத்தின் இயலாமை. நிஷிகாதோ அதைச் சரிசெய்யாமல் விட்டார். கூடவே நான்கு சுரங்கள் கொண்ட ஒரு தாழ்ந்த ஒலியையும் வேகமாக்கிக்கொண்டே போனார். அவருடைய கலைத்தன்மைக்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

ஏன் எப்போதும் விண்வெளி என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கறுப்புத் திரையை வரைய வேண்டியதில்லை. வரையாமல் விட்டாலே வானம். தரை இல்லை, சுவர் இல்லை, நடக்கும் கால்கள் இல்லை. அன்றைய இயந்திரத்துக்கு இருந்த இந்தச் சௌகரியம் இன்று புதிதாகக் கற்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது. அவரிடம் ஓவியத் திறமை இல்லை, நேரம் இல்லை, தெரிந்த கட்டளைகள் கொஞ்சம். அதற்குள் ஓர் உலகம் முழுமையாக அடங்க வேண்டும்.

சரி, மாணவர் எழுதும் நிரலுக்கு வருவோம். முதல் சிக்கல் கலத்தை நகர்த்துவதில் வருகிறது. வலது அம்புக்குறியை அழுத்தினால் கலம் ஒரு பிக்சல் நகரட்டும் என்று எழுதுவார்கள். ஓட்டிப்பார்த்தால், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தாலும் கலம் ஒரு பிக்சலோடு நின்றுவிடும். ஏனென்றால் கீ அழுந்தியது ஒரு நிகழ்வு, ஒருமுறைதான் நடக்கும். கீ அழுந்தியிருப்பது ஒரு நிலை. விரல் எடுக்கும்வரை நீடிக்கும். மாத்திஸ் இதற்கு, வலப்புறம் நகர்கிறதா என்று உண்மை அல்லது பொய் சொல்லும் ஒரு மாறியை வைக்கச் சொல்கிறார். அழுத்தும்போது அது உண்மையாகும், விடும்போது பொய்யாகும். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பார்த்து, உண்மையாக இருந்தால் கலத்தை நகர்த்து. நான்கைந்து வரிதான். ஆனால் நிகழ்வையும் நிலையையும் பிரித்துப் பார்ப்பது நிரலாக்கத்தின் பெரிய பாடங்களில் ஒன்று. கரும்பலகையில் இதை விளக்கினால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். கலம் நகராமல் நிற்கும்போதுதான் அவர்களுக்கு அது உறைக்கிறது.

இடது, வலது இரண்டு கீயையும் ஒருசேர அழுத்தினால் என்ன ஆகும்? இஃப், எல்இஃப் என்று சங்கிலியாக எழுதியிருந்தால், முதலில் சோதிக்கப்படும் திசை எப்போதும் ஜெயிக்கும். தனித்தனி இஃப்பாக எழுதினால் ஒன்றையொன்று சமன்செய்து கலம் அசையாமல் நிற்கும். நூலில் இரண்டாவது வழியைத்தான் எடுத்திருக்கிறார்கள். எல்இஃப்புக்கும் இஃப்புக்கும் வேறுபாடு என்ன என்று இரண்டு மதிப்பெண் வினா கேட்பதைவிட இது எத்தனை தெளிவு!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம். கலத்தின் வேகத்தை ஃப்ரேமுக்கு 1.5 பிக்சல் என்று வைக்கிறோம். பைகேமில், அதாவது இந்த விளையாட்டை எழுதப் பயன்படும் பைத்தான் நூலகத்தில், ஒரு பொருளைச் சுற்றிய செவ்வகத்தின் இடம் முழு எண்ணாக மட்டுமே சேமிக்கப்படும். புள்ளிக்குப் பின்னால் வருவது வெட்டப்பட்டுவிடும். 100-லிருந்து வலப்புறம் போனால் 101.5, வெட்டினால் 101. அடுத்து 102.5, வெட்டினால் 102. ஆக ஒரு பிக்சல் வேகம். இடப்புறம் போனால் 98.5, வெட்டினால் 98. அடுத்து 96.5, வெட்டினால் 96. ஆக இரண்டு பிக்சல் வேகம்! ஒரே கலம், இடப்பக்கம் போகையில் இரு மடங்கு வேகமாக ஓடும். நிரலில் பிழைச் செய்தி எதுவும் வராது, விடை தவறு என்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். விளையாடுபவரின் கைதான் ஏதோ சரியில்லை என்று உணரும். உண்மையான இடத்தைத் தசம எண்ணாகத் தனியே வைத்துக்கொண்டு, வரையும்போது மட்டும் செவ்வகத்துக்குக் கொடுத்தால் தீர்ந்துவிடும். நூல் அப்படித்தான் செய்கிறது. முழு எண், தசம எண் என்ற தரவு வகைகளை நாம் முதல் வாரத்தில் அட்டவணை போட்டு நடத்துகிறோமே, அந்த அட்டவணைக்கு உயிர் வருவது இங்கேதான்.

குண்டுகளுக்கு வருவோம். சுட்ட குண்டு திரையின் உச்சியைத் தாண்டிப் போய்விடுகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அது இல்லாமல் போகவில்லை. எதிர்மறை எண்களில் மேலே மேலே போய்க்கொண்டே, நினைவகத்தையும் ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் தின்றுகொண்டிருக்கும். திரையைத் தாண்டியதும் நீக்க வேண்டும். ஒரு பட்டியலை வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து எடுத்தால் வரிசை குழம்பும். ஆகவே ஒரு நகலைப் படித்துக்கொண்டு மூலத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு நேரத்தில் மூன்று குண்டுதான் என்ற வரம்பும் உண்டு. அது கணினிக்காக வைத்த வரம்பல்ல, குறிபார்த்துச் சுட வைப்பதற்காக.

மோதலைக் கண்டுபிடிப்பது இரண்டு செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்ற நான்கு ஒப்பீடுகள்தான். இதிலும் காலம் ஒளிந்திருக்கிறது. இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவே அந்த உலகத்தில் எதுவும் நடப்பதில்லை. குண்டின் வேகத்தை மிக அதிகமாக்கினால், ஒரு ஃப்ரேமில் எதிரிக்குக் கீழே இருக்கும், அடுத்த ஃப்ரேமில் எதிரிக்கு மேலே போயிருக்கும். மோதலே நிகழவில்லை. வேகத்தை ஏற்றிப் பார்க்கச் சொல்லி மாணவர்களையே இதைக் கண்டுபிடிக்க விடுங்கள்.

மாத்திஸ் சொல்லும் ஒரு தந்திரத்தைக் கட்டாயம் எடுத்துச்செல்லுங்கள். எல்லா எதிரிகளும் ஒழிந்தபின் புதிய கூட்டம் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொருவரையும் குறிபார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். குண்டின் அகலம் 3 பிக்சல். அதை 300 ஆக்கு என்கிறார். ஒரே குண்டு ஒரு பட்டாளத்தையே வாரிக்கொண்டு போகும். சோதிக்க வசதியாக நிரலை வளைத்துக்கொள்வது தொழிலில் இருப்பவர்களின் அன்றாடப் பழக்கம். பாடநூல்களில் அது வருவதே இல்லை. அந்த அகலக் குண்டு இன்னொரு பிழையையும் காட்டிக்கொடுக்கும். ஒரே குண்டில் நாலு பேர் விழுந்தாலும் மதிப்பெண் ஒருவனுக்கு மட்டும் ஏறியிருக்கும். மோதல்களின் எண்ணிக்கையைக் கொண்டு கூட்ட வேண்டும் என்று அப்போது புரியும்.

நிஷிகாதோவுக்கு இயந்திரம் கொடுத்த வேகமேற்றத்தை இங்கே ஒரு வரியில் எழுதுகிறோம். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் வேகத்தை 1.1-ஆல் பெருக்கு. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஏழு கட்டம் தாண்டினால் 1.95, கிட்டத்தட்ட இரு மடங்கு. கூட்டுவட்டி எப்படி மேலேறும் என்பது கணக்குப் புத்தகத்தில் புரியாத பிள்ளைக்கு, ஏழாவது கட்டத்தில் விரல் தடுமாறும்போது புரியும்.

கடைசியாகக் கடிகாரம். இந்த நூலின் முதல் இரண்டு பதிப்புகளில் லூப் தன் விருப்பத்துக்குச் சுற்றியது. வேகமான கணினியில் வேகமாக, பழைய கணினியில் மெதுவாக. 2023-ல் வந்த மூன்றாம் பதிப்பில் விநாடிக்கு 60 சுற்றுக்கு மேல் போகாதே என்று ஒரு கடிகார வரியைச் சேர்த்தார்கள். பழைய பெர்சனல் கம்ப்யூட்டர்களில் டர்போ என்று ஒரு பொத்தான் இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 4.77 மெகாஹெர்ட்ஸ் கணினியை மனத்தில் வைத்து எழுதிய விளையாட்டுகள் புதிய கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனதால், வேகத்தைக் குறைப்பதற்கென்றே அந்தப் பொத்தான் பயன்பட்டது. கடிகாரம் மேல்வரம்பை மட்டுமே கட்டும். 60 சுற்றை எட்ட முடியாத கணினியில் விளையாட்டு அப்போதும் மெதுவாகத்தான் ஓடும். அதைத் தீர்க்க, கடந்த ஃப்ரேமிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து, வேகத்தை அந்த நேரத்தால் பெருக்கி நகர்த்த வேண்டும். தூரம் என்பது வேகம் பெருக்கல் காலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சூத்திரம்தான்.

சுடுகிற விளையாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். நியாயமான கவலை. நிஷிகாதோவே மனித உருவங்களைச் சுடுவது கூடாதென்றுதான் வேற்றுக்கிரகவாசிகளை வைத்தார். உங்களுக்கு அதுவும் உறுத்தினால் படங்களை மாற்றிவிடுங்கள். நூலிலேயே பயிற்சியாக, நட்சத்திரங்களை நிரப்பு, மழைத்துளிகளை விழவை என்று கொடுத்திருக்கிறார்கள். கீழே விழும் துளியை ஒரு பாத்திரத்தில் பிடிக்கும் ஆட்டத்துக்கும் இதே லூப், இதே செவ்வகம், இதே கடிகாரம் போதும். விளையாட்டுக்கு அடிமையாகிவிடுவார்கள் என்ற அச்சத்துக்கு என் பதில் வேறு. எழுதிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் தங்கள் விளையாட்டை அதிக நேரம் ஆடுவதில்லை. பத்து நிமிடம் ஆடிவிட்டு, எதிரி இன்னும் கொஞ்சம் சாய்வாக இறங்கினால் என்ன என்று நிரலைத் திறந்துவிடுகிறார்கள்.

புத்தகத்தில் இருக்கும் நிரலைப் பார்த்து அடிப்பதால் என்ன பயன் என்ற கேள்வியும் உண்டு. 1982-ல் இங்கிலாந்தில் உஸ்போர்ன் பதிப்பகம் 'கம்ப்யூட்டர் ஸ்பேஸ்கேம்ஸ்' என்று சிறுவர்களுக்கு ஒரு புத்தகம் போட்டது. பேசிக் மொழியில் குட்டிக்குட்டி விண்வெளி விளையாட்டுகள், வரிவரியாக அச்சிட்டிருக்கும். பிள்ளைகள் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். கூடவே விளையாட்டை எப்படி மாற்றலாம் என்று புதிர்களும் உண்டு. பார்த்து அடிப்பது வாசல், அங்கே தப்பில்லை. ஆசிரியர் செய்ய வேண்டியது, அடித்து முடித்த அன்றே ஒரு மாற்றம் கேட்பது. மாத்திஸ் கேட்கும் மாற்றங்களில் ஒன்று, விண்கலத்தைத் திரையின் இடது ஓரத்தில் வைத்து வலப்பக்கம் சுடு என்பது. பார்த்து அடித்தவன் அங்கே திணறுவான், புரிந்து அடித்தவன் எக்ஸையும் ஒய்யையும் இடம்மாற்றி அரைமணி நேரத்தில் முடித்துவிடுவான். தேர்வுத்தாள் தேவையில்லை.

நடைமுறைக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பைத்தானும் பைகேமும் இலவசம். நம் பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் பழைய கணினிகளே போதும், மெதுவான கணினி இருந்தால் கடிகாரப் பாடத்துக்கு அது இன்னும் நல்லது. முதல் வகுப்பில் சுட வேண்டாம். வெறும் ஜன்னலைத் திறந்து, மூடும்வரை முடியாத ஒரு நிரலை எழுதட்டும். அந்தக் கறுப்புத் திரை தானாக முடிந்துபோகாமல் நிற்பதை மாணவர்கள் பார்க்கட்டும். விநாடிக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணி அச்சிடச் சொல்லுங்கள். கலம் இரண்டாம் வகுப்பில் வரலாம், குண்டு மூன்றாம் வகுப்பில். இங்கே இரண்டு கணினிகள் கொண்டுவந்திருக்கிறோம். ஒன்றில் கடிகார வரி இருக்கிறது, மற்றதில் எடுத்துவிட்டேன். மாணவர்கள் முன்னால் வந்து இரண்டையும் ஆடிப்பாருங்கள், பிறகு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.